தூள் வேண்டாம், சாணி வேணும்

சாணியிலிருந்தும் கழிவிலிருந்தும் எரிவாயு எடுக்கும் இந்த உயிர்வாயுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நொதியத் தூளைப் பற்றி நான் சொல்லித்தர அதிகமில்லை. எந்தப் பயிர்க் கழிவுக்கு எந்தத் தூள், எவ்வளவு இளஞ்சூட்டு நீர், எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்பதெல்லாம் உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. ஆனால் வாயுக் கிடங்கு ஒருநாள் உங்களை ஏமாற்றும். வாயுவின் அழுத்தம் காட்டும் அமுக்கமானி நல்ல செய்தி சொல்லும். அடுப்பு கெட்ட செய்தி சொல்லும். உங்கள் மேலதிகாரி அமுக்கமானியை நம்புவார். அந்த நாளில் கைபேசி உதவாது. அப்படி ஒரு நாள் எனக்கு வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது போர்க் காலத்தில். எங்கள் அலுவலகம் திருகோணமலை உவர்மலையில், துறைமுகம் தெரிகிற ஒரு பழைய வீட்டில் இருந்தது. கடற்காற்றுக்கு அங்கே ஆணி முதல் அடுப்பு வரை எல்லாம் துருப்பிடிக்கும். மண்ணெண்ணெய் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. விறகு பொறுக்கக் காட்டுக்குள் போகத் தடை. தடை இல்லாவிட்டாலும் மிதிவெடிக்குப் பயந்து யாரும் போகமாட்டார்கள். ஆகவே ஊரில் எல்லாருக்கும் எரிபொருள்தான் கதை. சந்தையில் இரண்டு பெண்கள் நின்று பேசினால், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பதற்கு முன் அடுப்பை விசாரிப்பார்கள்.

பாலையூற்றில் ஓர் இல்லம் இருந்தது. பெற்றோரைப் பிரிந்த பெண்பிள்ளைகள் தங்கிப் படித்த இடம். அதை நடத்தியவரை ஊரே ‘சிஸ்டர்’ என்றுதான் அழைத்தது. நானும் அப்படியே அழைக்கிறேன். அந்த இல்லத்தின் பின்வளவில் நாங்கள் ஒரு கிடங்கு கட்டிக் கொடுத்திருந்தோம். நிலத்துக்குள் செங்கல்லால் கட்டிய குடம் போன்ற தொட்டி. காற்றுப் புகாமல் மூடிய அதற்குள் சாணியைக் கரைத்து ஊற்றினால், உள்ளே இருக்கும் நுண்ணங்கிகள் அதைத் தின்று வாயு விடும். அந்த வாயு குழாய் வழியே குசினி அடுப்புக்கு வந்து நீலமாக எரியும்.

பக்கத்து வளவுகளின் மாடுகள் இருந்தவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. சண்டை கிட்ட வந்ததும் மாட்டுக்காரர்கள் மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்கள். கிடங்கு பட்டினி கிடந்தது.

சாணி இல்லையே தவிர வைக்கோல் இருந்தது, வாழைத்தண்டு இருந்தது, சந்தையில் கழிக்கிற முட்டைக்கோவா இலை இருந்தது. ஆனால் வைக்கோலை அப்படியே கிடங்குக்குள் போட்டால் அது பாய் விரித்த மாதிரி மேலே மிதந்துகொண்டு சும்மா கிடக்கும். நார் கடினமானது. மாட்டின் வயிறு செய்கிற வேலையை வெளியே யாராவது செய்து கொடுக்க வேண்டும். அதற்குத்தான் நொதியத் தூள். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் எங்கள் பொறுப்பதிகாரியின் நண்பர் இருந்தார். ஒரு டின் தூள் தருகிறேன், செய்து பாருங்கள் என்றார். அதை எடுத்துவரப் போனவள் நான்.

போவது சுலபம். திரும்பி வருவதுதான் பாடு. திருகோணமலைக்குள் நுழைவதற்கு முன் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். மேசைமேல் பையை வைத்துத் திறக்க வேண்டும். என் பையில் இரண்டு சேலை, ஒரு பாண் துண்டு, வெளிநாட்டு எழுத்து ஒட்டிய ஒரு டின். டின்னுக்குள் மண்ணிறத் தூள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். தமிழ் ஓரளவு தெரிந்திருந்தது.

“இது என்ன?”

“நொதியம்.”

அவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. ஆங்கிலத்தில் சொன்னேன். அதுவும் பிடிபடவில்லை.

“மருந்தா?”

“இல்லை. வைக்கோலைக் கரைக்கிற தூள்.”

“வைக்கோலை ஏன் கரைக்கிறது?”

“காஸ் எடுக்க.”

காஸ் என்றதும் அவர் டின்னிலிருந்து கையை எடுத்துவிட்டார். பின்னால் நின்ற சிப்பாய் இரண்டடி தள்ளிப் போனான். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் சொல்வது ஒவ்வொன்றும் உண்மை, ஒவ்வோர் உண்மையும் என்னை இன்னும் ஆழத்தில் இறக்குகிறது என்று. அந்த நாட்களில் இதைவிடச் சின்னச் சந்தேகத்துக்கே ஆட்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். சிலர் திரும்பி வர நாளெடுத்தது. டின் வேறு வெயிலில் கிடந்தது. சூடேறினால் தூள் செத்துவிடும் என்ற கவலையும் அதற்குள்ளே ஒரு பக்கம் ஓடியது. தொழில் புத்தி.

சாவடிச் சுவரில் ஒரு சிப்பாய் அறிவித்தல் ஒட்டிக்கொண்டிருந்தான். தகரப் பேணி ஒன்றில் கோதுமை மாவைக் காய்ச்சிய பசை. இளஞ்சூடு இன்னும் ஆறவில்லை. அந்தத் தூள் ஒரு கலவை. நாரைக் கரைக்கும் நொதியத்தோடு மாப்பொருளைக் கரைக்கும் நொதியமும் அதில் இருக்கிறதென்று ஆய்வுகூடத்தில் சொல்லியிருந்தார்கள். எவ்வளவு வேகமாகக் கரைக்கும் என்று நான் கேட்கவில்லை.

“அந்தப் பசையிலை கொஞ்சம் தாங்கோ. காட்டிறன்,” என்றேன்.

அதிகாரி யோசித்துவிட்டுத் தலையாட்டினார். பசைப் பேணி மேசைக்கு வந்தது. ஒட்டுகிற தடியை நட்டு வைத்தால் சரியாமல் நிற்கிற அளவுக்குத் தடிப்பம். ஒரு சிட்டிகை தூளைத் தூவி அதே தடியால் கலக்கினேன். கலக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் என் கையையே பார்க்கிறார்கள். சிரித்துக்கொண்டு கலக்கினேன், வேறென்ன செய்வது? பிறகு தடி இலேசானது. இன்னும் கொஞ்சம் கலக்க, பசை இளகி, கஞ்சியாகி, கடைசியில் வெறும் தண்ணீர் மாதிரி பேணிக்குள் சளசளத்தது.

அதிகாரி பேணியைச் சரித்துப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. மற்றச் சிப்பாய்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அறிவித்தல் ஒட்டியவனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவன் திரும்பவும் பசை காய்ச்ச வேண்டும்.

“வைக்கோலும் இப்பிடியா?” என்றார்.

“ஓம். ஆனால் ஆறுதலா, மெல்ல மெல்லத்தான்.”

டின்னை மூடி என் கையில் தந்து, “வெயிலில் வைக்காதே” என்று எனக்கே புத்தி சொன்னார். பஸ்ஸில் ஏறியபோது கொண்டக்டர் சொன்னார்: “மிஸ், அடுத்த முறை வரேக்கை பசையையும் நீங்களே கொண்டு வாங்கோ. அவங்களுக்கு வேலை மிச்சம்.”

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: நம்பாத ஆளிடம் விளக்கத்தை நீட்டாதீர்கள். அவர் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைத் தேடுங்கள். இனி வரப்போகிற கதையில் அது எனக்கு இன்னும் கடினமாக வந்தது, ஏனென்றால் கண்ணால் பார்க்கக்கூடியதே அங்கே பொய் சொன்னது.

தூள் வேலை செய்தது. வைக்கோலை நறுக்கி, பழைய எண்ணெய்ப் பரலில் இளஞ்சூட்டு நீரில் தூளோடு ஊறவைத்து, கூழான பிறகு கிடங்குக்குள் விட்டோம். கொஞ்ச நாளில் அடுப்பு எரிந்தது. சிஸ்டர் சுவாலையைப் பார்த்துவிட்டு, “வைக்கோலை மாடு திண்டாத்தான் பால் எண்டு இருந்தனான். இப்ப பரல் திண்டாலும் தேத்தண்ணி வருகுது” என்றார். அலுவலகத்தில் பொறுப்பதிகாரி எங்களுக்கெல்லாம் மோதகம் வாங்கித் தந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல பொறியியலாளர். கிடங்குக்குள் இறங்கித் தானே பூச்சுப் பூசுகிறவர். எங்களை ‘நீங்கள்’ என்றுதான் சொல்வார். ஒரே குறை, மற்றவர் பசித்திருப்பதைப் பார்த்தால் அவருக்குக் கணக்கு மறந்துவிடும்.

மாரி தொடங்கிய நேரம் அது நடந்தது. உட்புறக் கிராமங்களிலிருந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்து வந்து இல்லத்தின் மண்டபத்தை நிறைத்தன. ஈரத் துணிமூட்டைகள், கோழிக்கூடுகள், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைகள். வந்தவர்களில் மங்களம் அக்கா என்று ஒருவர், வந்த அன்றே சேலையைச் செருகிக்கொண்டு குசினிக்குள் புகுந்து, பிறகு வெளியே வரவே இல்லை. சோறு, பருப்பு, பிள்ளைகளுக்குக் கஞ்சி என அடுப்பு அணைய நேரமில்லை. வாயு போதவில்லை.

பொறுப்பதிகாரி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். வெளியே வந்து மழையில் நின்றபடியே சொன்னார்: “தூளை இரண்டு மடங்காப் போடுங்கோ. வைக்கோலையும் கூட்டுங்கோ.”

“சேர், கிடங்கு தாங்குமோ?”

“இந்தச் சனம் தாங்குதே.”

போட்டோம். அடுத்தடுத்த நாட்களில் அமுக்கமானியின் கண்ணாடிக் குழாயில் நிறநீர் அதுவரை ஏறாத உயரத்துக்கு ஏறியது. பொறுப்பதிகாரி அதைப் பார்த்துக் கை தட்டினார். அதே நேரத்தில் மங்களம் அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

“பிள்ளை, உங்கட காஸுக்கு என்ன வருத்தம்?”

“ஏன் அக்கா?”

“இழுத்து இழுத்து எரியுது. மஞ்சளாப் போகுது. நான் ஊதாமலே நூருது.”

பற்றவைத்துப் பார்த்தேன். சுவாலை அடுப்பை விட்டு எழும்பித் தத்தளித்து அணைந்தது. பின்வளவுக்குப் போய்க் கிடங்கின் வெளிவாயில் மூடியைத் தூக்கினேன். வழக்கமான சாணி மணம் இல்லை. புளித்த மாவின் வாடை மூக்கில் அடித்தது. அமிலம் பட்டால் சிவக்கும் நீலப் பாசிச்சாயத்தாளை அதில் நனைத்தேன். சிவந்து போனது.

நடந்தது இதுதான். கிடங்குக்குள் இரண்டு நுண்ணங்கிக் கூட்டம் வேலை செய்கிறது. முதற் கூட்டம் கூழை அமிலமாக்கும். இரண்டாம் கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று எரிகிற மெதேனைத் தரும். நொதியத் தூள் முதற் கூட்டத்துக்கு மட்டும் இறக்கை கட்டிவிடுகிறது. இரண்டாம் கூட்டம் தன் நடையில்தான் வரும். காய்கறி வெட்டப் பத்துப் பேரை இருத்திவிட்டு அடுப்பில் ஒரே சட்டியை வைத்தால் என்ன ஆகும்? வெட்டியது குவியும், அழுகும். அப்படித்தான் உள்ளே அமிலம் குவிந்துவிட்டது. வாயு வந்தது, ஆனால் பெரும்பகுதி, நாம் மூச்சில் வெளிவிடுகிற, எரியாத காபனீரொட்சைட்டு. அமுக்கமானிக்கு எரிகிறதும் எரியாததும் ஒன்றுதான்.

பொறுப்பதிகாரியிடம் போனேன்.

“சேர், கிடங்கு புளிச்சுப் போச்சு. இண்டையிலிருந்து ஒண்டும் போடக்கூடாது.”

“அமுக்கம் இவ்வளவு இருக்கே. அடுப்புக் கண்தான் துருப்பிடிச்சிருக்கும். கழட்டித் துப்பரவாக்குங்கோ.”

“துப்பரவாக்கிப் பாத்தனான். அது இல்லை.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்கள் சொல்றது பிழையெண்டால்? நிப்பாட்டினால் இந்தச் சனத்துக்கு ஆர் சமைச்சுப் போடுறது? கிழமைக் கடைசியிலை வெளிநாட்டு உதவி நிறுவனத்து ஆக்கள் வேறை பாக்க வருகினம்.”

பயமாகத்தான் இருந்தது. நான் வேலைக்கு வந்து அதிக காலமில்லை. என் பக்கம் ஒரு துண்டுத் தாளும் ஒரு மூக்கும். அவர் பக்கம் அனுபவம், அமுக்கமானி, மண்டபம் நிறைந்த பசி. தொடர்ந்து ஊட்டினால் இன்னும் இரண்டொரு நாள் அரைகுறையாக எரியும், பிறகு இரண்டாம் கூட்டம் முழுக்கச் செத்துவிடும். கிடங்கைத் தோண்டி வெறுமையாக்கி மறுபடி தொடங்க மாதங்கள் ஆகும். இப்போதே நிறுத்தினால் சில நாள் அடுப்பு இல்லை. ஆனால் கிடங்கு பிழைக்கும். இன்னும் முன்னால் கிடந்த அந்த மாரி முழுவதையும் நினைத்தேன்.

“சேர், ஏலாது. நான் போடமாட்டன். வேறை ஆளை விட்டுப் போடுவியளெண்டால் நான் பரலுக்குக் குறுக்கை நிப்பன்.”

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். அவர் மண்டபத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, “சிஸ்டரிட்டை நீங்களே சொல்லுங்கோ” என்றார். அது தண்டனையா சம்மதமா என்று தெரியாமலே போனேன்.

சிஸ்டர் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நிப்பாட்டினால் திரும்ப எரியுமோ?”

“எரியும் எண்டுதான் நினைக்கிறன் சிஸ்டர். சத்தியம் பண்ண ஏலாது.”

“சத்தியம் பண்ணியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டன்,” என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்குள் போனார். சற்று நேரத்தில் படார் படார் என்று சத்தம். போய்ப் பார்த்தால் அவர் கோடரியோடு நிற்கிறார். கால் உடைந்த கதிரைகளை முதலில் பிளந்தார். அவை முடிந்ததும் கால் உள்ளவற்றிலும் கை வைத்தார். மங்களம் அக்கா முற்றத்தில் கல்லு வைத்துத் தகரம் மறைத்து அடுப்பு மூட்டினார். விருந்தினர் அறையின் வளைந்த கைபிடிக் கதிரைகளில் பருப்பு வெந்தது.

“சிஸ்டர், வெளிநாட்டுக்காரர் வந்தால் எங்கை இருக்கிறது?” என்று கேட்டேன்.

“யேசு ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு குடுக்கேக்கை கதிரையோ போட்டவர்? புல்லிலைதானே இருத்தினவர்.”

அவர்கள் வந்தார்கள். கொடி கட்டிய பளபளப்பான வெள்ளை ஜீப். நெடிய மனிதர் ஒருவர் இறங்கினார். அன்று காலை பொறுப்பதிகாரி என் காதில் சொல்லியிருந்தார்: “கிடங்கையும் அமுக்கமானியையும் காட்டுவம். குசினிப் பக்கம் கொண்டு போகவேண்டாம்.” நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்த மனிதருக்கு நாங்கள் பாய் விரித்தோம். முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருவாறு மடித்து உட்கார்ந்தார். தேத்தண்ணி குடித்தார். அமுக்கமானியைப் பார்த்துப் பாராட்டினார். பிறகு, எல்லா வருகையாளரும் கேட்பதை ஆங்கிலத்தில் கேட்டார்.

“எரிகிறதைப் பார்க்கலாமா?”

பொறுப்பதிகாரி குனிந்து தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார். ‘இன்று அடுப்புப் பழுது’ என்று ஒரு வசனம் என் நாக்கு நுனிவரை வந்தது. மனிதர் நம்பியிருப்பார், போயிருப்பார். ஆனால் பின்னால் முற்றத்தில் மங்களம் அக்கா கதிரைக் காலொன்றை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். புகை எல்லார் கண்ணையும் கரித்தது.

“எரியாது. கிடங்கு புளித்துவிட்டது,” என்றேன்.

ஏன் என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன். தூளைக் கூட்டிப் போட்டது என்ற இடத்துக்கு வந்து நான் தயங்கியபோது, பொறுப்பதிகாரி குறுக்கிட்டார்.

“கூட்டச் சொன்னது நான். நிறுத்தச் சொன்னது இவர்.”

அதைச் சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்து நின்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த மரியாதை பிறகு குறையவே இல்லை.

நெடிய மனிதர் யோசித்தார். “இன்னும் நல்ல தூள் எங்களால் எடுத்துத் தர முடியும். வேண்டுமா?”

“தூள் வேண்டாம். சாணி வேணும்,” என்றேன். அவசரத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். பொறுப்பதிகாரி மொழிபெயர்த்தார், கொஞ்சம் கூச்சத்தோடு.

இரண்டாம் கூட்டம் உயிரோடு வேண்டும். அது இருக்கிற இடம் பசுஞ்சாணி. கன்னியாப் பக்கம் ஒரு பட்டியில் மாடுகள் இன்னும் நிற்பதாகக் கேள்வி. ஆனால் வழியில் எத்தனையோ சாவடி. எங்கள் வண்டிக்கு அனுமதி எடுப்பதற்குள் கிடங்கு செத்துவிடும். கொடி கட்டிய ஜீப்பை யாரும் அவ்வளவாக மறிப்பதில்லை.

“உங்கள் வாகனத்தைத் தருவீர்களா?” என்று கேட்டேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சாரதி சிரிக்கவில்லை. அன்று காலைதான் கழுவியதாம்.

சிஸ்டர் முன்னுக்கு, நான் பின்னுக்கு, என்னைச் சுற்றி வெறும் வாளிகள். வரும்போது நிறைந்த வாளிகள். பள்ளங்களில் ஜீப் குதிக்கும்போதெல்லாம் சாரதி கடவுளைக் கூப்பிட்டான், சிஸ்டர் “அவர் வருவார், நீ றோட்டைப் பார்” என்றார். சாவடிகளில் யன்னலைத் திறந்ததும் சிப்பாய்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போ போ என்று கை காட்டினார்கள். அவ்வளவு சுகமாக நான் அந்த வீதியில் ஒருநாளும் போனதில்லை.

சாணியைக் கரைத்து விட்டோம். புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு நீரைக் கவனமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். பிறகு செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. உங்களில் பலருக்கு அதுதான் கடினமாக இருக்கும். காத்திருக்கிற நேரத்தில் கை எதையாவது போடத் துடிக்கும். நான் தினமும் போய்த் தாளை நனைத்துப் பார்ப்பேன். பொறுப்பதிகாரியும் வருவார். இருவரும் தாளைப் பார்ப்போம், போவோம். உள்ளே சேர்ந்திருந்த எரியாத வாயுவை வெளியே திறந்துவிட்டபோது அமுக்கமானி அடியில் போய்க் கிடந்தது. மண்டபத்தில் ஒரு கதிரையும் மிஞ்சவில்லை. அடுத்து என்ன என்பதுபோல் சிஸ்டர் மேசைகளைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

ஒரு காலை, மழை விட்டு வெயில் எறித்திருந்தது. நான் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு நேரே கிடங்குக்குப் போகக் கிளம்பினேன். மங்களம் அக்கா குசினி யன்னலால் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை நீட்டினார். வாங்கிக் குடித்துக்கொண்டே முற்றத்தைப் பார்த்தேன். கல்லடுப்பில் பழைய சாம்பல் நனைந்து கிடந்தது. நெருப்பு இல்லை, புகை இல்லை.

“அக்கா, இது எதிலை வைச்சது?”

அவர் உள்ளே திரும்பிவிட்டார். கோப்பையோடு ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். அடுப்பில் சுவாலை, ஒரு விரல் உயரம்தான், ஆனால் நீலம். அசையாத நீலம். அதன்மேல் பிள்ளைகளின் கஞ்சிப் பானை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

“பிள்ளை,” என்றார் மங்களம் அக்கா, அகப்பையை எடுத்துக்கொண்டு. “பாத்துக்கொண்டு நிக்கிறதெண்டால் அந்தக் கதவைச் சாத்திப்போட்டு நில்லுங்கோ. காத்துக்கு நூந்திடும்.”

சாத்தினேன்.